நீலாம்பாள் வீட்டு உள்படி

“மாமி, எட்டுகாலி...”

“எட்டுகாலி, எட்டுகாலி! வேற வார்த்தையே கிடையாதா உனக்கு? விடிஞ்சா...”

“தாங்கலை மாமி, மேலெல்லாம்...”

“...விடிஞ்சா இதே பாட்டு! மட்டாஞ்சேரியில எட்டுகாலி இல்லாத வீடு ஒண்ணு காட்டு, நான் காதை அறுத்து வெச்சுடறேன்.”

“கதவைத் திறந்து ஒரு தரம் பார்த்தேள்னா...”

“திறக்க மாட்டேன். மடியா இருக்கேன். இந்தப் படியில இறங்காதேன்னு எத்தனை தரம் சொல்லியாச்சு? குடித்தனக்காராளுக்குன்னு வெளிப்படி இருக்கு. அதுல இறங்கி வா. வாசல்ல நில்லு. சாயங்காலமா சொல்லு.”

“வெளிப்படிக்கு வர முடியலையே மாமி...”

“ஏன், காலில்லையா உனக்கு?”

  மழைச் சத்தத்துக்கு நடுவில், கதவுக்கு அந்தப் பக்கம், மரத்தில் கட்டையால் தட்டுகிற மாதிரி, டொக்... டொக்... அப்புறம் அதுவும் நின்றது.

“ஹும்! வாயடைச்சுப் போச்சாக்கும்” என்று நீலாம்பாள் அரிசி உலையைக் கிளறினாள். அன்றைய சண்டையில் அவளுக்குத்தான் வெற்றி. தினமும் அவளுக்குத்தான் வெற்றி.

இது நடந்தது. எழுபத்தொன்பதாம் வருஷம், கர்க்கடக மாத மழையில், அதாவது ஆடியில். கேட்டவர்கள் எல்லாரும் முதலில் சிரித்தார்கள். பாதி தாண்டியதும் ஒவ்வொருவராக எழுந்து போய்த் தங்கள் வீட்டு அடுக்களைக் கதவைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில், செர்ளாயிப் பக்கம் போய் விசாரித்தால் அந்தச் சந்துக்கு வழி காட்டுவார்கள். வீட்டைக் காட்டச் சொன்னால் மட்டும் “எதுக்கு?” என்பார்கள்.

சுக்குக் கிடங்குகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பழைய ஓட்டு வீடு அது. கீழே நீலாம்பாள் தனியாக இருந்தாள். மாடியில் குடித்தனம். மாடிக்கு இரண்டு வழி. சந்துப் பக்கம் வெளிப்படி ஒன்று. மற்றொன்று அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஏறி, பாதியில் ஒரு திருப்பம் திரும்பி, மேலே அறைக்குள் போய்ச் சேருகிற உள்படி. குடித்தனக்காரர்கள் அடுக்களை வழியாக நடமாடினால் ஆசாரம் என்ன ஆகும்? அதனால் அடுக்களைக் கதவுக்குப் பூட்டு. சாவி கூடத்து ஆணியில் தொங்கும். நூல் கயிறு கோத்த சாவி. குளித்து மடிப்புடவை கட்டிக்கொண்டு சமையல் முடித்து, நைவேத்தியம் ஆகிறவரை அவள் அந்த மடியில்லாத நூலைத் தொட மாட்டாள். ஆகவே காலையில் அந்தக் கதவு திறக்கிற பேச்சே கிடையாது. மடி முடிந்த பிறகோ, கதவுக்குப் பின்னால் யாரும் நின்றதே கிடையாது.

மாடிக்கு அவளும் ஏறுவதில்லை. முழங்கால் வாதம். மேலே என்ன இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குக் குடித்தனக்காரர்கள் வாயால் தெரிந்ததுதான். குடித்தனக்காரர்கள் வாயையோ அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

எட்டுகாலிப் புகார் கங்காவோடு ஆரம்பித்தது. கங்காவும் அவள் புருஷன் சிவசங்கரனும் மாடியில் இருந்தார்கள். நம்மவள் என்ற சலுகையில், கங்கா காலையில் உள்படி வழியாக இறங்கி வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவாள். முதலில் ஊர்க்கதை. பிறகு புருஷன் கதை. “நேத்திக்கும் கையை ஓங்கிட்டார் மாமி.” அதற்கெல்லாம் நீலாம்பாள் காது கொடுக்கவில்லை. யார் வீட்டில்தான் இல்லை? பிறகு எட்டுகாலி. படி முழுக்க எட்டுகாலி, தலையில் விழுகிறது, ஆளை வைத்து ஒட்டடை அடியுங்கள் என்று தினமும் நச்சரிப்பு. ஒருநாள் மத்தியானம் நீலாம்பாள் கதவைத் திறந்து, தன் ஒட்டடைக் கோலை முதல் படியில் சாத்திவைத்துவிட்டு, மேலே பார்த்துக் கத்தினாள்.

“நீயே அடிச்சுக்கோடி. இனிமே எட்டுகாலின்னு வாயைத் திறந்தே, இந்தக் கதவு உனக்குத் திறக்காது. கேட்டியா?”

பூட்டிவிட்டாள்.

அந்த வாரமே சிவசங்கரன் வாசலில் வந்து நின்றான். ஏலூரில் வேலை கிடைத்துவிட்டதாம். “கங்கா முன்னாடியே போயிட்டா மாமி. சாமான் நான் கொண்டு போறேன்.” சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாளே என்று நீலாம்பாளுக்கு ஆத்திரம்தான். ஒட்டடைக் கோலையும் கூடவே கொண்டு போய்விட்டாள்! ஆனால் அந்தப் பையன் தங்கம். போகும் முன்னால் சொந்தச் செலவில் மாடி அறைக்குக் காரை பூசி, சுண்ணாம்பு அடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். எந்தக் குடித்தனக்காரன் செய்வான் அப்படி? அந்த வருஷ மழையில் வீடெங்கும் ஒரு நாற்றம் நாறியது. பக்கத்துக் கிடங்கில் பெருச்சாளி செத்துக் கிடக்கிறது என்று கிடங்குக்காரர்களோடு சண்டை பிடித்தாள். சாம்பிராணி போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தது.

அப்புறம் நாணு ஐயர் குடித்தனம் வந்தது. விடிந்தால் கதவுக்குப் பின்னால் “மாமி, எட்டுகாலி.” சாயங்காலம் வாசலில் அவர் சம்சாரத்தை நிறுத்தி வைத்து நீலாம்பாள் திட்டுவாள். ஓணத்துக்கு முன்னால் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். பிறகு வெங்கிடராமன் குடித்தனம். அதே “மாமி, எட்டுகாலி.” அதே திட்டு. அவர்களும் போனார்கள். நீலாம்பாள் வாய்க்குப் பயந்து நம்மவர்கள் யாரும் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

சிரித்தவன் ஒருத்தன்தான். மைத்துனர் பிள்ளை வெங்கிடாசலம், சுக்கு வியாபாரி. வீட்டில் அவனுக்கும் பங்கு உண்டு. “மாடியில குடித்தனம் இருக்கற வரைக்கும் நான் ஒண்ணும் கேக்கலை பெரியம்மா. காலியா கிடந்தா என் மூட்டையை ஏத்திடுவேன். அப்புறம் கீழேயும் கிடங்குதான். நீங்க பாலக்காட்டுக்குப் போய் உங்க தம்பியாத்துல இருங்கோ” என்றான். தம்பி வீட்டில் ஒரு மூலையில் கிடந்து, தம்பி பெண்டாட்டி போடுகிற சோற்றைத் தின்பதா? நீலாம்பாள் பல்லைக் கடித்துக்கொண்டு விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு மாடியை விட்டாள். புருஷன் வீரபாண்டி, வில்லிங்டன் தீவுத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். பெண்டாட்டி பாக்கியலக்ஷ்மி, கிடங்கில் சுக்கு பொறுக்குகிறவள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, மாடத்தி.

அந்தப் பாக்கியலக்ஷ்மியோடுதான் இன்று காலைச் சண்டை. அப்படித்தான் நீலாம்பாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பாக்கியம் வாசலில் வந்து நின்றாள். முந்தானையெல்லாம் சுக்குத் தூசி. குழந்தையின் கையைப் பிடித்து நீட்டினாள்.

“ஆச்சி, இதைப் பாருங்க. எட்டுக்கால் பூச்சி ஊர்ந்த தடம். முழங்கை வரைக்கும் தடிச்சுக் கெடக்கு.”

“காலம்பற பாடின பாட்டை இப்போ ரெண்டாம் தரம் பாடறியாக்கும்?”

“காலைல யாருட்ட பாடுனேன்?”

“என்கிட்டத்தான். உள்படியில நின்னுண்டு. ‘மாமி, மாமி, எட்டுகாலி’ன்னு என் பேச்சையே பழிச்சுக் காட்டிண்டு! காலம்பற மாமி, சாயங்காலம் ஆச்சியா? யாருக்குக் காட்டறே உன் கூத்தை?”

பாக்கியம் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஆச்சி, கிறுக்கு பிடிச்சிருக்கா உங்களுக்கு? விடியுமுன்ன நான் பிள்ளையத் தூக்கிட்டுக் கிட்டங்கிக்குப் போயிருதேன். அவுக ஜெட்டிக்குப் போயிருதாக. காலைல மாடியில ஈ காக்கா கெடையாது.”

“பொய்!”

“எம் பிள்ளை மேல சத்தியம். அது என்ன, உள்படியா? எந்தப் படியச் சொல்லுதீக?”

“தெரியாத மாதிரிக் கேளு. உன் அறையில தெக்குச் செவர்ல கதவு இருக்கே, அதைத் திறந்தா படி.”

“தெக்குச் செவத்துலயா? அங்க ஏது கதவு? வெறுஞ் செவருல்லா இருக்கு.”

நீலாம்பாள் கூடத்து ஆணியில் தொங்கிய சாவியைத் திரும்பிப் பார்த்தாள்.

“கேளுங்க. பூச்சி பூராவும் அந்த ஒரு செவத்துலதான். மத்த மூணு செவத்துல ஒண்ணு கெடையாது. காரை வெடிப்புல இருந்து வருது. நான் சாயங்காலம் தூத்தா, மறுநா வந்து பாக்கைல திரும்ப வலை. கொசுவலை கணக்கா மேல இருந்து கீழ வரைக்கும். அங்ஙன கையை வெச்சா ஈரமா இருக்கு ஆச்சி. அது என்ன செவரு?”

“என் வீட்டுச் செவரைக் குத்தம் சொல்ல நீ யாரு? சுத்தமா இருக்கத் தெரியாதவாளுக்கு எட்டுகாலிதான் வரும்!”

“சுத்தமா? வந்து பாருங்களேன் மேல! நீங்க வர மாட்டீக. தீட்டு ஒட்டிக்கிடும்!”

“நாக்கை அடக்கிப் பேசு!”

“ஒண்ணாந் தேதி காலி பண்ணுதோம். நீங்களும் உங்க செவரும்!”

சொல்லிவிட்டு அவள் விடுவிடுவென்று போய்விட்டாள்.  மாடி காலி என்றால் வெங்கிடாசலம். வெங்கிடாசலம் என்றால் பாலக்காடு. கூப்பிட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வழக்கம் அவள் நாக்குக்கு இல்லை.

மறுநாள் காலை. குளித்தாயிற்று. மடி உடுத்தாயிற்று. அடுப்பு பற்றியது.

டொக்... டொக்...

“மாமி, எட்டுகாலி...”

நீலாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக, பதில் சொல்லாமல் கேட்டாள்.

“எட்டுகாலி” என்கிறது குரல். பாக்கியம் ஒருநாளும் அப்படிச் சொல்வதில்லை. அவளுக்கு அது எட்டுக்கால் பூச்சி. நாணு ஐயர் சம்சாரம் எட்டுகாலி என்பாள். வெங்கிடராமன் சம்சாரமும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் குரல்? அந்த இரண்டு பேர் குரலும் எப்படி இருந்தன? சாயங்காலம் வாசலில் வந்து நின்று முழித்தார்களே... “நாங்க சொல்லவே இல்லையே மாமி” என்று அழுதார்களே... அந்தக் குரலும் இந்தக் குரலும் ஒன்றுதானா?

“யாரது?” என்றாள்.

“நான்தான் மாமி.”

“நான்தான்னா யாரு? பேர் கிடையாதா?”

மழை. ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர்.

“கோல் தேஞ்சு போச்சு மாமி... அடிக்க அடிக்க வர்றது...”

“எந்தக் கோல்?”

சரசரவென்று ஒரு சத்தம். மிக மெல்லிய சத்தம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒருத்தி சுவரோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறிப்போகிற மாதிரி...

அன்று உலை பொங்கி அடுப்பு அணைந்துபோனதை அவள் கவனிக்கவில்லை.

சாயங்காலம் பாக்கியம் வருகிறவரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். பயந்து போயிருக்கிறோம் என்று காட்டிக்கொள்வாளா? மாட்டாள். “நீ யோக்கியம்னா நாளைக்கு வேலைக்குப் போகாதே. காலம்பற என் கண்ணு முன்னாடி நில்லு. அந்தக் குரல் வரலைன்னா, நீதான் கள்ளி” என்றாள்.

“நிக்கேன். ஒரு நாக் கூலி போனாப் போகட்டும். கள்ளின்னு பேரு எடுத்துக்கிட்டு இந்த ஊரை விட்டுப் போக மாட்டேன். குரல் வந்தா நீங்க என்ன செய்வீக?”

“வரட்டும், பார்க்கலாம்.”

பொழுது விடிந்தும் விடியாத மாதிரி இருந்தது அன்று. மழை இருட்டு. கொல்லைக் கதவைத் திறந்துவைத்து, தாழ்வாரத்தில் பாக்கியத்தை நிறுத்தினாள் நீலாம்பாள். அடுக்களையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிகிற இடம்.

“நிலைப்படி தாண்டக் கூடாது. ஆமா.”

“உங்க அடுக்களைக்குள்ள வந்து எனக்கு ஒண்ணும் ஆகணும்னு இல்ல.”

“பிள்ளையை எதுக்குத் தூக்கிண்டு வந்தே?”

“மாடியில தனியா விட்டுட்டு வரவா? அது அந்தச் செவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. பேசுது ஆச்சி. தானாப் பேசுது.”

“குழந்தைன்னா பேசத்தான் செய்யும்.”

“பேசும். பதில் வரக் காத்திருந்துட்டு அப்புறம் பேசுமா?”

நீலாம்பாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். உலை கொதித்தது. அரிசி போட்டாள். சாதம் பாதி வெந்தது. ஒன்றும் இல்லை. பூட்டிய கதவு பேசாமல் நின்றது.

“பார்த்தியா?” என்றாள், திரும்பாமலே. “வரலை. நீ இங்கே நிக்கறே, அங்கே குரல் இல்லை. யார் கள்ளின்னு...”

டொக்.

டொக்.

“மாமி...”

நீலாம்பாள் திரும்பினாள். பாக்கியத்தின் உதடுகள் இறுக மூடியிருந்தன. கண் இரண்டும் கதவு மேல்.

“மாமி, எட்டுகாலி... இன்னிக்காவது...”

குழந்தை மட்டும் சிரித்தது. கையை நீட்டியது.

“செவத்து அக்கா” என்றது.

“ஆச்சி... சாவிய எடுங்க” என்றாள் பாக்கியம்.

“மடி...”

“மண்ணாங்கட்டி மடி! எடுங்கங்கேன்!”

நீலாம்பாள் கூடத்துக்கு ஓடினாள். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக மடிப்புடவையோடு நூல் கயிற்றைத் தொட்டாள்.  துருப்பிடித்த பூட்டை முறுக்கித் திறந்தாள். பாக்கியம் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். அதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் தாழ்ப்பாளை இழுத்தாள்.

கதவு திறந்தது.

யாரும் இல்லை.

வலை இருந்தது.

நிலையிலிருந்து நிலைவரை, மேலிருந்து கீழ்வரை. பழைய வேட்டியை இழுத்துக் கட்டிய மாதிரி, சாம்பல் நிறத்தில் ஒரே வலை. வருஷக்கணக்கான தூசி அதில் படிந்திருந்தது. ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை.

ஒருத்தி அங்கே வந்து நின்றிருந்தால் அது கிழிந்திருக்க வேண்டும்.

கிழியவில்லை.

வலைக்குப் பின்னால், முதல் படியில், ஒரு ஒட்டடைக் கோல் சாத்தியிருந்தது. நுனியில் ஈர்க்கே இல்லை. தேய்ந்து மொட்டையாகிக் கிடந்தது. அடிக்கட்டை கதவைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. கதவின் உட்பக்கத்தில், கட்டை பட்ட இடத்தில், ஒரு குழி. விரல் நுழைகிற ஆழம்.

“அது... என் கோல்” என்றாள் நீலாம்பாள்.

படி மேலே ஏறி, திருப்பத்தில் இருட்டுக்குள் போனது. அதற்கு மேல் தெரியவில்லை. வலைமேல் வலை.

காற்று இல்லை. கொல்லைக் கதவுக்கு வெளியே மழை நேர்க்கோடாக விழுந்துகொண்டிருந்தது.

ஆனால் வலை அசைந்தது.

உள்ளே போனது...

வெளியே வந்தது...

உள்ளே போனது...

மூச்சு விடுகிற மாதிரி.

திருப்பத்துக்கு அப்பாலிருந்து, மிக மெல்ல...

“திறந்துட்டேளா மாமி?”

யார் கதவைச் சாத்தியது, யார் பூட்டியது என்று பிறகு இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. சாவி நீலாம்பாளின் கையில் இருந்தது. உள்ளங்கையில் அதன் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

பாக்கியம் ஒண்ணாந் தேதிவரை காத்திருக்கவில்லை. மத்தியானமே வீரபாண்டியை ஜெட்டியிலிருந்து அழைத்துவந்து, சட்டிபானையைக் கட்டிவிட்டாள். இடக்கொச்சியில் அவர்கள் ஊர்க்காரர் குடிசையில் இடம் இருந்ததாம்.

“போகாதேடி” என்றாள் நீலாம்பாள். அந்த நாக்கிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுவே முதல் தடவை. “நீ போனா மாடி காலி. நாளைக்கே அவன் மூட்டையோட வந்துடுவான். நான் எங்கே போவேன்?”

“பாலக்காட்டுக்குப் போங்க. கோட்டயத்துக்குப் போங்க. எங்கயும் போங்க. இங்க இருக்காதீக.” பாக்கியம் மூட்டையைத் தலையில் ஏற்றினாள். நாலு எட்டுப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். “ஆச்சி, ஒண்ணு சொல்லுதேன். எட்டுக்கால் பூச்சி சும்மா ஒரு எடத்துல அடையாது. ஈ மொய்க்கிற எடத்துலதான் வலை கட்டும்.”

“அங்கே ஏதுடி ஈ? பூட்டிக் கிடக்கற படி.”

“அதத்தான் நானும் கேக்கேன்” என்றாள் பாக்கியம்.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் காலையில் குரல் வரவில்லை. நீலாம்பாள் சாவியை ஆணியில் மாட்டவில்லை. இடுப்பிலேயே செருகிக்கொண்டாள். மடியாவது ஒன்றாவது! சமைப்பதே ஒருவேளைதான். அதுவும் கதவுக்கு முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் நின்று. வெங்கிடாசலம் ஆள் அனுப்பினான். வெள்ளிக்கிழமை மூட்டை வருகிறது, பெரியம்மா பெட்டியைக் கட்டட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான் அந்த ஆள்.

வியாழக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மடக்குக் குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நெற்றியில் குங்குமம், கையில் பலகாரப் பொட்டலம். நம்மவளைப் போல் இருந்தாள். நீலாம்பாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குடித்தனம் கேட்டு வந்திருக்கிறாளோ? பகவானே, நாளைக்கு மூட்டை வரும் முன்னால் ஒரு குடும்பத்தை அனுப்பி வைத்தாயா?

“வாம்மா, வா! நனைஞ்சுண்டே வந்திருக்கியே. உள்ளே வா. சாயா போடட்டுமா?” அடுக்களைவரைக்கும் கையைப் பிடித்து அழைத்துப்போய் மணை போட்டாள். “மாடி நல்ல அறையாக்கும். காத்து வரும், வெளிச்சம் வரும். ஒழிஞ்சுதான் இருக்கு.”

“ஒழிஞ்சா?” அந்தப் பெண் சிரித்தாள். “என்ன மாமி, விளையாடறேளா? என்னைத் தெரியலையா? நான் சீதாலக்ஷ்மி. கங்காவோட தங்கை. ஜம்ஷெட்பூர்லேர்ந்து நேத்திக்குத்தான் வந்தேன்.”

நீலாம்பாள் சாயாப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

“கங்கா ஏலூர்ல இருக்காளே...”

“ஏலூருக்குத்தான் முதல்ல போனேன் மாமி. அத்திம்பேர் மட்டும் இருந்தார். அக்கா மூணு வருஷமா அங்கே வரவே இல்லையாமே? மட்டாஞ்சேரியை விட்டு வர மாட்டேன்னு, உங்களோடயே தங்கிட்டாளாமே? என் கல்யாணத்துக்கு வரலை. கடுதாசுக்குப் பதில் இல்லை. கோபக்காரி, அவளா இறங்கி வரட்டும்னு நானும் வீம்பா இருந்துட்டேன். இப்போ மனசு கேக்கலை. அத்திம்பேர் சொல்றார், ‘நீ போனாலும் பிரயோஜனம் இல்லை. உங்க அக்கா அந்த வீட்டை விட்டு வெளியே வர மாட்டா’ன்னு. அப்படி என்ன மாமி வீம்பு அவளுக்கு?”

பாத்திரம் கையை விட்டு நழுவியது. தரையில் உருண்டு, சுழன்று, அடங்கியது.

அடங்கிய பிறகும் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

டொக்... டொக்...

இது காலை இல்லை. மத்தியானம். மடி இல்லை. சாவி இடுப்பில் இருந்தது.

“மாமி...”

சீதாலக்ஷ்மி மணையிலிருந்து எழுந்தாள். முகம் மலர்ந்தது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கதவருகே போனாள்.

“மாமி, எட்டுகாலி...”

கதவில் காதை வைத்தாள். பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். அதன் துருவைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. திரும்பி, நீலாம்பாளின் இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்தாள்.

“இது அக்கா குரல்தான். மாமி... அக்காவை எதுக்கு உள்ளே வெச்சுப் பூட்டியிருக்கேள்?”